விளக்கை எங்கே வைத்தோம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்கள், கல்லூரியில் முன்னால் நின்று நாலு பேரைத் திரட்டியவர்கள், மேற்படிப்புக்குப் போகலாமா, போன பிறகு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிளஸ் டூ முடித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒரு மாலை நேர மையம் ஆரம்பித்தேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள். பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே நடத்தினேன், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) மாணவர் தலைவியாகவும் இருந்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை, ஆனாலும் சாயங்காலம் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். கல்வியியலில் எம்.ஏ. படிக்க ஆசை. மதிப்பெண் 61 சதவீதம்தான். எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள், நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதைவிட, இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற எண்ணம் தூங்கவிடவில்லை.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மதிப்பெண்ணை முதலில் பேசி முடித்துவிடுவோம். 61 போதும் அம்மா. பின்னாளில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுத நினைத்தாலும் அங்கே பார்ப்பது முதுகலை மதிப்பெண்ணைத்தான், அதில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இளங்கலையில் 61 வாங்கியதால் எந்தக் கதவும் மூடிவிடவில்லை.

கட்டுரை விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் வேகமாக நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், கல்லுடைக்கும் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கினார்கள், மாவட்டமே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. என் மையத்தில் இருபத்திரண்டு பெண்கள். ராத்திரி சாப்பாட்டுக் கடையெல்லாம் முடித்துவிட்டு ஏழரை மணிக்கு மேல் வருவார்கள், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் அரிக்கேன் விளக்கை வைத்து எழுத்து சொல்லிக்கொடுப்பேன். இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று என் கையால் எழுதினேன். மீதிப் பதின்மூன்று பேரை வைத்து மையத்தை நன்றாகவே நடத்தினேன், பாராட்டும் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்துத் திருச்சியில் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தேன். முதல் மாதம் எந்தப் பாடம் நடந்தாலும் கை தூக்கி அறிவொளி அனுபவத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஒன்பது பேர் ஏன் நின்றார்கள் என்று கேட்டார். ஆர்வமில்லை என்றேன். அவர்கள் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே ஆய்வேடாக எடுத்துக்கொண்டு மறுபடி ஊருக்குப் போனேன். முதல் இரண்டு முறை யாரும் எதுவும் சொல்லவில்லை, வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்றார்கள். மூன்றாவது முறை ஒரு அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நீ மண்டபத்துல வெளக்க வச்ச ஆத்தா. நாங்க படிக்கிக் கீழதான ஒக்காந்தோம். அங்க வெளிச்சம் வரல."

நின்ற ஒன்பது பேரும் காலனிப் பெண்கள். மண்டபத்தில் ஏறி உட்கார அவர்களை ஊர் விடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தபோது, மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் என் கண்ணுக்குப் பட்டது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். மையத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது நமக்கு ஆயிரம் வேலை. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், சாக்பீஸ் இருக்கிறதா, கரண்ட் போய்விட்டதே, எந்தப் பையன் எவனை அடித்தான் என்று பொழுது போய்விடும். விளக்கை எங்கே வைத்தோம் என்று திரும்பிப் பார்க்க ஒரு இடமும் கொஞ்சம் காலமும் வேண்டும், கூடவே நம்மை விடாமல் கேள்வி கேட்கும் ஒரு ஆள் வேண்டும். முதுகலைப் படிப்பின் இரண்டு வருஷம் அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

சரி, கட்டுரை. முதுகலைச் சேர்க்கை நேர்காணலில் பதினாறு வருஷமாக உட்காருகிறேன். வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை, சிறு வயதிலிருந்தே கற்பித்தலில் எனக்கு ஆர்வம் என்றுதான் ஆரம்பிக்கும். அப்புறம் பொறுப்புகளின் பட்டியல், அப்புறம் கல்வியின் மூலம் சமுதாயத்தை மாற்றுவேன் என்ற உறுதிமொழி. எழுதிய பிள்ளை உண்மையாகத்தான் எழுதியிருக்கும், ஆனால் படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியாது. இல்லம் தேடிக் கல்வி 2021-இல் தொடங்கியபோது மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், உங்களைப் போலவே சாயங்காலம் வகுப்பெடுத்தார்கள். ஆகவே திட்டத்தின் பெயரைச் சொல்வதால் மட்டும் நீங்கள் தனியாகத் தெரிய மாட்டீர்கள். என்.எஸ்.எஸ்.ஸும் அப்படித்தான், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு மனப்பாடம்.

உங்கள் பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் வந்தும் சரளமாக வாசிக்க வராத ஒரு பிள்ளை நிச்சயம் இருப்பான். வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பிப்பவன் கடைக்குப் போனால் மீதிச் சில்லறை சொல்லத் தெரியாமல் நிற்பான், அல்லது வகுப்பில் பேசாத ஒருத்தி தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் சரியாகச் சொல்வாள். நீங்கள் கணிதம் படித்தவர், இப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவனுக்கு என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று இன்னும் உங்களுக்குப் புரியவில்லை, அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாடம் உதவும் என்று நினைக்கிறீர்கள், இதை எழுதுங்கள். புரியவில்லை என்று எழுதத் தயங்க வேண்டாம். எல்லாம் தெரிந்தவரைப் படிக்க வைத்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், அவன் வீட்டுக் கஷ்டத்தை நம் சேர்க்கைக்காக விரித்து எழுதவும் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு முதல்வரிடம் போகாதீர்கள், அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. முகாமில் உங்களோடு சோறு பொங்கிய திட்ட அலுவலர், அல்லது நீங்கள் சந்தேகம் கேட்டுக் கேட்டு நச்சரித்த கணித ஆசிரியர், இவர்கள் எழுதினால் அதில் உயிர் இருக்கும். கேட்கும்போது நீங்கள் செய்த வேலையை அரைப் பக்கத்தில் எழுதிக் கையோடு கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கும் நினைவு வர வேண்டுமே.

எங்கே விண்ணப்பிப்பது என்றால், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷ எம்.ஏ. கல்வியியல் இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவியும் செய்கிறார்கள். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் முன்பு தானே தேர்வு நடத்தியது, இப்போது கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தேர்வு வழியாக எடுக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் அதே தேர்வுதான். அதில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், தெரியாத கேள்வியைத் தைரியமாக விட்டுவிட்டுப் போங்கள். பணத்துக்கு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். முழுநேர முதுகலை முதல் வருஷம் சேர்ந்தவர்களுக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரும் தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், வருஷத்தில் பத்து மாதம், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதல் வருஷமே போட வேண்டும், சேர்ந்த கையோடு பாருங்கள், தேதி போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தத் தூக்கம். நீங்கள் போனால் பிள்ளைகளுக்கு ஒரு இழப்பு இருக்கத்தான் செய்யும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நல்லபடியாகச் செய்ய வழி உண்டு. உங்கள் தெருவிலேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை இப்போதே கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு மாதமாவது இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எது வாசிக்க வருகிறது, எந்தக் கணக்கில் தடுக்குகிறான், எதைச் சொன்னால் சிரிப்பான், எதைச் சொன்னால் வீட்டுக்கு ஓடிவிடுவான், எல்லாம் எழுதுங்கள். அந்த நோட்டு உங்களுக்கும் பின்னால் படிப்பில் கைகொடுக்கும், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள், பிள்ளைகளிடமும் எந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் காணாமல் போனால்தான் பிள்ளைகள் நொந்துபோகும். பெங்களூரிலிருந்து போனிலேயே மையத்தை நடத்துவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக வரும் அந்தப் பெண்ணுக்கு அது இடைஞ்சல், உங்களுக்கும் இரண்டு பக்கமும் ஒட்டாது. பொங்கலுக்கு வரும்போது திண்ணையில் போய் உட்காருங்கள், போதும்.

கேள்வி: என் மகள் பி.ஏ. படிக்கும்போதே லீவு நாளில் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போவாள். இப்போது எம்.எஸ்.டபிள்யூ. சேர்த்துவிட்டோம், இங்கேயும் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில் இல்லாமல் எங்கேயோ குடிசைப் பகுதிக்குப் போகிறாள். படிக்கத்தானே அனுப்பினோம்?
– ஒரு தாய், கரூர்

பதில்: அதுதான் அம்மா படிப்பு. சமூகப் பணி முதுகலையில் களப்பணி என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் என்பதுதான் பல கல்லூரிகளில் வழக்கம். ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுத வேண்டும், மேற்பார்வையிடும் ஆசிரியர் திருத்துவார், மதிப்பெண் உண்டு, அதில் தவறினால் பட்டமே கிடைக்காது. முன்பு சூளைக்குப் போனபோது பாசத்தில் போனாள், இப்போது அதே இடத்தில் எப்படிப் பேச வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறாள். எந்த இடம், எந்த நிறுவனம், பொறுப்பாசிரியரின் போன் எண் என்ன என்று மகளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாய்க்கு அந்த உரிமை இருக்கிறது. முடிந்தால் ஒரு சனிக்கிழமை அவள் எழுதிய அறிக்கை ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வருஷமாக டியூஷன் சென்டர் நடத்துகிறேன். வேலையை விடாமல் தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் படித்தால் அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆகிவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் எம்.ஏ. கல்வியியல் என்பது கல்வியைப் பற்றிய படிப்பு, பி.எட். இடத்தில் அது நிற்காது. பட்டதாரி ஆசிரியர் ஆக பி.எட். வேண்டும், தகுதித் தேர்வும் வேண்டும். முதுகலை ஆசிரியர் என்றால் அந்தப் பாடத்திலேயே முதுகலை, கூடவே பி.எட்., அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. பி.எட். 2015 முதல் இரண்டு வருஷம். சென்டரை ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு முதலில் பி.எட். முடியுங்கள். பள்ளி ஆசிரியர் வேலை நோக்கம் இல்லை, நாம் சொல்லிக்கொடுப்பதை இன்னும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஆசை என்றால் மட்டும் தொலைநிலை எம்.ஏ. தாராளமாகப் படிக்கலாம்.

கேள்வி: திருநெல்வேலியில் படித்தபோது மாணவர் பேரவைச் செயலாளராக இருந்தேன். பஸ் பாஸ், விடுதித் தண்ணீர், கட்டண உயர்வு என்று மூன்று வருஷமும் போராட்டம்தான், இரண்டு அரியர் வைத்துக் கடைசியில்தான் முடித்தேன். இந்த வருஷம் சென்னையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தேன். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. வகுப்பில் எல்லோரும் சரளமாகப் பேசுகிறார்கள், புத்தகத்தைத் திறந்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அங்கே ஒரு குரல் கொடுத்தால் முந்நூறு பேர் வருவார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய் ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, போகாதீர்கள். இந்த ஒரு பருவம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

முந்நூறு பேர் உங்கள் குரலுக்கு வந்தது உண்மையான திறமை, அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கிவிடவில்லை. ஆனால் அந்தத் திறமை சட்டென்று முடிவெடுக்கும், எதிரே நிற்பவருக்கு உடனே பதில் சொல்லும். புத்தகத்தோடு உட்காரும்போது வேறு பழக்கம் வேண்டியிருக்கிறது, ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று முடிவு செய்யாமல் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷம் பழகாத உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பத்துப் பக்கம் ஓடுகிறது என்றால் பத்துப் பக்கமே படியுங்கள், தினமும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. படித்ததைத் தமிழில் ஐந்து வரி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் இருபது பக்கம் ஓடும், இதை என் மாணவர்களிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைகளைக் கண்டு சுருங்க வேண்டாம். விடுதியில் தண்ணீர் வராவிட்டால் நிர்வாகம் எப்படி ஒவ்வொரு மேஜையாகத் தள்ளிவிடும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் ஆய்வுப் பொருளைத் தேடி நீங்கள் வெளியே அலைய வேண்டியதே இல்லை. மாணவர் பேரவைத் தேர்தலுக்கு வழிமுறை வகுத்த லிங்டோ குழு 2006-இல் அறிக்கை கொடுத்தது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, வருகைப் பதிவு 75 சதவீதமாவது வேண்டும், போட்டியிடும் வருஷத்தில் அரியர் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, அரியர் விதியால் யார் நிற்க முடியாமல் போனார்கள், அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று தேட ஆரம்பித்தால் அதுவே ஒரு நல்ல ஆய்வேடு. கொஞ்சம் பின்னால் போனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் இருக்கிறது. அதில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் இரண்டே வருஷத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். பெயர் தெரிந்த தலைவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஊரிலும் நோட்டீஸ் ஒட்டிய பையன்களைப் பற்றி எழுதியது மிகவும் குறைவு. சென்னையில் இருக்கிறீர்கள், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்காரலாம். கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை தரமணிக்குப் போய், பழைய பத்திரிகைகளைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

தலைமைப் பொறுப்பை இங்கேயும் உடனே தேடிப் பிடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் வருஷம் யாராவது அழைத்தாலும், கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பேசுவதை முழுசாகக் கேட்கிற வாய்ப்பு செயலாளருக்கு ஒருநாளும் கிடைத்திருக்காது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஊரில் உங்கள் அறையில், அந்த மூன்று வருஷத்து நோட்டீஸ்கள், கோரிக்கை மனுவின் நகல்கள், கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கிறுக்கிய தாள்கள் எங்கேயாவது கிடக்கும். தீபாவளிக்குப் போகும்போது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் தேதியும் இடமும் எழுதி, அரிசி மூட்டைப் பக்கம் வைக்காமல், மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு சென்னைக்குக் கொண்டுவாருங்கள்.